எவர்சில்வர் வார்ப்பும் சட்டைப்பைக் காந்தமும்

நேயர்களுக்கு வணக்கம்.

கோயம்புத்தூரில் முப்பது வருடத்துக்கு மேல் எஸ்.எஸ். காஸ்டிங் வார்த்துப் பிழைத்தவன் நான். எஸ்.எஸ். என்றால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், நம் எவர்சில்வர். பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லர், அதை மூடியிருக்கும் கூடான கேசிங், வால்வுக்கு உடல், இவையெல்லாம் எங்கள் பவுண்டரியிலிருந்து போனவை. நிலையத்திலிருந்து கூப்பிட்டு, “துருப்பிடிக்காத எஃகு வார்ப்பு பற்றிப் பேசுங்கள், ஆனால் படம் காட்ட முடியாது” என்றார்கள். படம் எதற்கு? ஒரு காந்தம் போதும். ஃப்ரிட்ஜ் கதவில் கரண்ட் பில்லைச் சொருகி வைத்திருப்பீர்களே, அதைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பில் தொலைந்தால் நான் பொறுப்பில்லை.

பாத்திரக் கடையில் பார்த்திருப்பீர்கள். தட்டிப் பார்ப்பார்கள், எடை பார்ப்பார்கள், கடைசியில் கைப்பையிலிருந்து ஒரு காந்தம் வெளியே வரும். ஒட்டினால் மட்டம், ஒட்டாவிட்டால் அசல் எவர்சில்வர். இந்த நம்பிக்கையோடு நான் வேலைக்காலம் முழுக்க மல்லுக்கட்டியிருக்கிறேன். இன்றைக்கும் விடப்போவதில்லை.

திருப்பூர்ப் பக்கத்துச் சாயப்பட்டறைக்காரர் ஒருவர் நாற்பது இம்பெல்லர் கேட்டிருந்தார். சாயம் ஏற உப்புப் போடுவார்கள், அந்தத் தண்ணீரை இறைக்க. வார்த்து, கடைந்து, வரிசையாக அடுக்கி வைத்திருந்தோம். வந்த மனிதர் டீ வேண்டாம் என்றார். கொங்கு நாட்டில் ஒருவர் டீ வேண்டாம் என்றால் ஏதோ மனசில் வைத்திருக்கிறார் என்று அர்த்தம். சட்டைப்பையிலிருந்து காந்தத்தை எடுத்து முதல் இம்பெல்லரின் பக்கவாட்டில் வைத்தார். அது நிற்கவில்லை, வழுக்கியது. ஆனால் ஒட்டிக்கொண்டேதான் வழுக்கியது. இரண்டாவதில் வைத்தார். அதிலும் அப்படியே.

“ஏனுங்க, இரும்பைக் கலந்துட்டீங்களாட்ட இருக்குதுங்க?”

லேப் ரிப்போர்ட்டை நீட்டினேன். “பேப்பர்ல என்ன வேணும்னாலும் எழுதலாமுங்க” என்றார். நியாயம்தான்.

பையனை விட்டு ஒரு நூல்கண்டு வாங்கிவரச் சொன்னேன். அவருடைய காந்தத்தையே நூலில் கட்டித் தொங்கவிட்டேன். சாதாரண இரும்புத் துண்டைப் பக்கத்தில் கொண்டுபோனால் ‘டக்’கென்று பாய்ந்து ஒட்டியது. இம்பெல்லரைக் கொண்டுபோனால் நூல் கொஞ்சம் சாய்ந்தது, அவ்வளவுதான். பிறகு அவரே நம்பி எடுத்து வந்திருந்த, 304 என்ற பாத்திர ரக எவர்சில்வர் தகட்டுத் துண்டு. நூல் அசையவே இல்லை. “பாத்தீங்களா!” என்றார். அந்தத் தகட்டை வைஸில் பிடித்து, முன்னும் பின்னுமாக நாலைந்து தடவை மடக்கி, மடிப்பு விழுந்த இடத்தை மட்டும் காந்தத்தின் பக்கம் காட்டினேன். நூல் சாய்ந்தது.

மனிதர் ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். “அப்ப, மடக்கினா இரும்பாயிருதுங்களா?” என்றார். அப்புறம் டீ குடித்தார்.

இரும்பாகவில்லை. அதே சரக்குதான். உள்ளே அணுக்கள் அடுக்கியிருக்கும் விதம் மாறிவிட்டது. வீட்டிலேயே பார்க்கலாம். சிங்கின் நடுப்பகுதியில் ஒட்டாத காந்தம், இழுத்து வளைத்த மூலையில் லேசாகப் பிடிக்கலாம்.

வார்ப்பில் விஷயம் வேறு. அங்கே நாங்களே வேண்டுமென்று காந்தத் தன்மையைக் கொஞ்சம் விட்டுவைக்கிறோம். உருகிய உலோகம் அச்சுக்குள் உறையும்போது சுருங்கும். மணல் அச்சு அதை விடாது. முழுக்கக் காந்தம் ஒட்டாத ரகமாக உறைந்தால், சூட்டிலேயே எளிதில் கீறல் விழும். அதனால் கலவையைக் கொஞ்சம் மாற்றி, நூற்றுக்கு 5 முதல் 20 பங்கு வரை ஃபெரைட் என்ற இன்னொரு அமைப்பு கலந்து உறையும்படி செய்வோம். கீறலுக்குக் காரணமான கந்தகத்தையும் பாஸ்பரஸையும் அது தனக்குள் வாங்கிக்கொள்ளும். வலுவும் கூடும். அந்த ஃபெரைட்டைத்தான் காந்தம் பிடிக்கிறது. சாயப்பட்டறைக்காரர் குறை என்று நினைத்தது நாங்கள் போட்ட மருந்து. மருந்துக்கு அளவு உண்டு, அது வேறு. அணுமின் நிலையக் குழாய்களைப் போல 300 டிகிரிச் சூட்டில் வருடக்கணக்காக இருந்தால், ஃபெரைட் மிகுந்த வார்ப்பு மெல்ல மெல்ல நொறுங்கும் தன்மைக்குப் போகும்.

காந்தம் மறுபக்கமும் ஏமாற்றும். நிக்கலைக் குறைத்து மாங்கனீசைச் சேர்த்த மலிவு ரகம் சந்தையில் நிறைய இருக்கிறது. அதில் காந்தம் ஒட்டாது. ஆனால் உப்புத் தண்ணீர் பட்டால் 304-ஐ விடச் சீக்கிரம் கறை விடும். நிக்கலே இல்லாத 430 ரகத்தில் நன்றாக ஒட்டும், அதுவும் அசல் எவர்சில்வர்தான். இண்டக்‌ஷன் அடுப்புக்குப் பாத்திரம் வாங்கும்போது மட்டும் ஒட்டினால்தான் வாங்குகிறோம், கவனித்தீர்களா?

சரி, எது துருவைத் தடுக்கிறது? குரோமியம். நூறு கிலோவில் பத்தரைக் கிலோவாவது வேண்டும். நாங்கள் அதிகம் வார்க்கும் சிஎஃப்8 ரகத்தில் 18 முதல் 21 கிலோ. காற்றுப் பட்டதும் அது மேலே ஒரு படலம் போர்த்திக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாத படலம். கீறினாலும் தானே மூடிக்கொள்ளும். பெயரில் இருக்கும் 8 கரியின், அதாவது கார்பனின், அளவு. நூறு கிலோவில் அதிகபட்சம் 80 கிராம் கரி. இந்த 80 கிராம்தான் என்னை ஒருமுறை தலைகுனிய வைத்தது.

அமிலம் இறைக்கும் பம்பின் கேசிங் ஒன்றில் சின்ன ஊசித்துளை. வெல்டிங் வைத்து அடைத்தோம். அடைத்த பிறகு மறுபடி உலையில் போட்டு 1040 டிகிரிக்கு மேல் சூடேற்றித் தண்ணீரில் முக்க வேண்டும். மாதக் கடைசி, லாரி வாசலில் நிற்கிறது. முக்காமல் அனுப்பினோம். கையெழுத்துப் போட்டவன் நான். எட்டு மாதத்தில் கேசிங் திரும்பி வந்தது. வெல்டிங் வைத்த இடம் கல்லு மாதிரி இருந்தது. அதற்கு ஒரு நெல்மணி தூரம் தள்ளி, கோடு போட்டாற்போல அரித்து, விரலால் தடவினால் சர்க்கரை போலப் பொடி உதிர்ந்தது.

நடந்தது இதுதான். வெல்டிங் சூட்டில் பக்கத்துப் பகுதி 425-லிருந்து 870 டிகிரிக்குள் நின்றிருக்கிறது. அந்தச் சூட்டில் கரி, குரோமியத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் மணிகளின் ஓரத்தில் உட்காரும். மணி என்றால், உறைந்த உலோகம் உள்ளே சின்னச் சின்ன மணிகளாகத்தான் இருக்கிறது. ஓரத்தில் குரோமியம் குறைந்துபோகும், அங்கே படலம் நிற்காது. அமிலம் அந்த வழியாக நுழையும். மறுபடி சூடேற்றினால் கரி கரைந்து உள்ளே போகும். தண்ணீரில் முக்கினால் திரும்பி வர நேரம் கிடைக்காது. கொல்லன் பட்டறையில் அரிவாளை முக்கினால் கடினமாகும். எங்கள் சரக்கு முக்கினாலும் கடினமாகாது. அரிப்பைத் தடுக்க மட்டும்தான் முக்குகிறோம். அதனால்தான் அவசரத்தில் அது தேவையில்லாத வேலை மாதிரித் தெரியும். அந்தக் கேசிங்கிலும் நூலில் கட்டிய காந்தத்தை வைத்துப் பார்த்தேன். நல்ல கேசிங்கில் எவ்வளவு சாய்ந்ததோ அவ்வளவே சாய்ந்தது. திரும்பத் திரும்பச் சொல்கிறேன், காந்தத்துக்கு இதெல்லாம் தெரியாது.

இந்தத் தொல்லை வேண்டாம் என்றால் கரியை 30 கிராமுக்குள் அடக்கிய சிஎஃப்3 கேட்கலாம். விலை கொஞ்சம் கூடும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கை காட்டுகிறார்கள். உப்பைப் பற்றி நிறையச் சொல்ல நினைத்திருந்தேன். ஊறுகாயைப் பாட்டி ஏன் ஜாடியில் போட்டாள், எவர்சில்வர் டப்பாவில் கல்லுப்பு வைத்தால் ஏன் அடியில் ஊசிப்பொட்டு விழுகிறது என்றெல்லாம். குளோரைடு அந்தப் படலத்தில் ஒரு புள்ளியைத் துளைக்கும், பிறகு அந்தத் துளை ஆழமாகிக்கொண்டே போகும். மாலிப்டினம் 2 முதல் 3 சதவீதம் சேர்ந்தால் ஓரளவு தாங்கும். அது சேர்த்த ரகம்தான் சிஎஃப்8எம். ஆனால் தேங்கிய கடல் தண்ணீருக்கு அதுவும் போதாது. மீஞ்சூர், நெம்மேலி மாதிரி கடல் நீரைக் குடிநீராக்கும் தொழிலுக்கு டூப்ளெக்ஸ் என்ற ரகம், பாதிக்குப் பாதி ஃபெரைட், காந்தம் நன்றாகவே பிடிக்கும். அதற்கு இன்று நேரமில்லை.

உப்புத் தண்ணீர் இறைப்பவர்களுக்கு மட்டும் ஒன்று. ஓடுகிற பம்பை விட நிறுத்தி வைத்த பம்புதான் சீக்கிரம் கெடும். பல நாள் நிறுத்துவதானால் நல்ல தண்ணீர் விட்டு அலசி, வடித்து வையுங்கள். எஸ்.எஸ். கேசிங் என்றால் மேலே எழுத்துப் புடைத்திருக்கும், விரலால் தடவினால் தெரியும். கடைசியில் ‘எம்’ இருக்கிறதா என்று பாருங்கள். கம்பி நார் போட்டுத் தேய்க்காதீர்கள், அதன் இரும்புத் தூள் ஒட்டிக்கொண்டு துருப்பிடித்தால் என் வார்ப்பைத்தான் திட்டுவீர்கள். நன்றி, வணக்கம்.