அண்டியாபீஸ் நம்ம ஊருக்கு ஏன் வந்தது

நேயர்களுக்கு வணக்கம்.

நான் கன்னியாகுமரி மாவட்டத்து விளவங்கோடு தாலுகாக்காரி. எங்கள் பக்கத்தில் முந்திரி ஆலையை யாரும் ஆலை என்று சொல்ல மாட்டார்கள், அண்டியாபீஸ் என்றுதான் சொல்வோம், கேரளத்துக் கொல்லத்துக்காரர்கள் சொல்கிற மாதிரியே. என் அம்மா 22 வருஷம் அண்டி தல்ல, அதாவது முந்திரிக்கொட்டையைத் தட்டி உடைக்கப் போனவர். தோட்டில் இருக்கிற எண்ணெய் பட்டால் தோல் பொத்துவிடும் என்பதால் சாம்பலை அள்ளிக் கையில் பூசிக்கொண்டுதான் உட்காருவார்கள், ஆனாலும் விரல் நுனி கறுத்துப் போகும். கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்தால் அம்மா இலைக்குக் கீழே கையை மறைத்துக்கொள்வதைச் சின்ன வயசில் நிறைய பார்த்திருக்கிறேன்.

உணவுப் பொருள் தயாரிக்கிற ஆலைகள் ஓர் ஊரை எப்படித் தேர்ந்தெடுக்கின்றன என்று பேசச் சொன்னபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்தக் கைதான்.

விளைகிற இடத்தில் ஆலை வரும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். சில பொருளுக்கு அது சரி. வெட்டின கரும்பைப் போட்டு வைத்தால் சர்க்கரை குறைந்துகொண்டே போகும், அதனால் சர்க்கரை ஆலை வயலை விட்டு விலக முடியாது. கிருஷ்ணகிரியிலும் சித்தூரிலும் மாம்பழக்கூழ் ஆலைகள் இருப்பதற்கும் அதுவே காரணம், பழுத்த பழம் ரொம்ப தூரம் தாங்காது. முந்திரிக்கொட்டை அப்படியில்லை. காயவைத்துச் சாக்கில் கட்டினால் மாதக்கணக்கில் இருக்கும், கடல் தாண்டியும் போகும். தான்சானியாவிலும் மொசாம்பிக்கிலும் கினி-பிசாவிலும் விளைந்த கொட்டை கப்பலேறி வந்து நம் ஊர்ப் பெண்களின் முன்னால் குவிந்தது. நம்மிடம் கொல்லாமரம், அதாவது முந்திரி மரம், இல்லாமல் இல்லை, ஆனால் இத்தனை ஆலைக்கு அது எந்த மூலைக்கு?

அப்படியென்றால் இங்கே என்ன இருந்தது? தல்லத் தெரிந்த கை இருந்தது. வறுத்த கொட்டையை இடது கையில் பிடித்துக் கொட்டாப்புளியால் ஒரு தட்டு, தோடு பிளக்க வேண்டும், உள்ளே பருப்பு உடையக் கூடாது. கொட்டைக்குக் கொட்டை பருமனும் வறுபட்ட பதமும் மாறும், அதைப் பார்த்து அடியின் பலமும் மாற வேண்டும், அதுவும் யோசிக்க நேரமில்லாமல். பாக்கெட்டில் 320 என்று போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள், ஒரு பவுண்டு, அதாவது சுமார் 454 கிராம் எடைக்கு அவ்வளவு பருப்பு நிற்கும் என்று அர்த்தம். எண் குறையக் குறையப் பருப்பு பெரிசு. இந்தக் கணக்கெல்லாம் முழுப்பருப்புக்குத்தான். உடைந்துவிட்டால் அது வேறு சரக்கு, வேறு விலை. முதலாளிக்குக் கிடைக்கிற லாபத்தில் பெரும்பங்கு ஒரு பெண்ணின் மணிக்கட்டில் இருக்கிறது என்று நான் சொன்னால் அது மிகையே இல்லை. அந்த வேலையைத் திறமை இல்லாத வேலை என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு இப்போதும் கோபம் வரும்.

சரி, கொல்லத்திலும் அதே கை இருந்ததே, ஆலைகள் ஏன் எல்லையில் இருக்கிற களியக்காவிளையைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தன? 1956 நவம்பர் 1 வரை நாங்களும் கொல்லத்துக்காரர்களும் திருவிதாங்கூர்-கொச்சி என்ற ஒரே மாநிலம். அன்றைக்கு மொழியைப் பார்த்துப் போட்ட எல்லை கூலிக்கும் எல்லையாகிவிட்டது. கொல்லத்துப் பெண்கள் சங்கம் வைத்துப் போராடினார்கள், கேரள அரசு குறைந்தபட்சக் கூலியை நிர்ணயித்துப் பிறகு உயர்த்தியும் வந்தது, பிஎஃப், போனஸ் என்று உரிமைகள் சேர்ந்தன. கொல்லத்திலிருந்து எங்கள் பக்கத்து மார்த்தாண்டம் நூறு கிலோமீட்டர் சொச்சம்தான். லாரியில் சாக்கை ஏற்றி அனுப்பினால் அதே வேலை, அதே பக்குவம், ஆனால் குறைந்த கூலி. முதலாளிகளில் பலர் கொல்லத்துக்காரர்களே. எங்கள் அம்மாக்கள் குறைவாக வாங்கினார்கள் என்பதாலேயே அங்கே உள்ள அம்மாக்களால் அதிகம் கேட்க முடியாமல் போனது. இரண்டு பக்கத்துப் பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்ததுகூட இல்லை.

இது இன்னும் தூரத்துக்கும் போகும். தொண்ணூறுகளில் உலக வங்கியின் யோசனைப்படி மொசாம்பிக் கொட்டை ஏற்றுமதிக்கான வரியைக் குறைத்தது. கொட்டை இந்தியாவுக்கு வந்தது, அங்கே ஆலைகள் மூடி ஆயிரக்கணக்கானவர்கள் வேலை இழந்தார்கள். அப்புறம் வியட்நாம் தல்லுவதற்கே இயந்திரம் கொண்டுவந்து நம்மை முந்திக்கொண்டது.

இப்போது எங்கள் பக்கத்தில் அண்டியாபீஸுக்கு ஆள் கிடைப்பதில்லை என்கிறார்கள். தல்லின பெண்களின் பிள்ளைகள் நர்ஸாகவும் டீச்சராகவும் போய்விட்டார்கள், போகட்டும், அதற்காகத்தானே அந்த அம்மாக்கள் உழைத்தார்கள். ஆனால் ஆள் இல்லை என்று சொல்கிறவர்கள் ஆள் இருந்த காலத்தில் என்ன செய்தார்கள் என்றும் கேட்க வேண்டும். 30 பெண்களுக்கு மேல் வேலை செய்கிற இடத்தில் குழந்தைகளுக்கு ஓர் அறை வேண்டும் என்று அப்போது இருந்த 1948 தொழிற்சாலைச் சட்டம் சொன்னது. அம்மா வேலை செய்த இடத்தில் அது கிடையாது. கைக்குழந்தையாக இருந்த என் தம்பியைப் பாலுக்காகப் பாட்டி மத்தியானம் கேட் வாசலுக்குத் தூக்கிக்கொண்டு போவார், வெயிலில் காத்து நிற்பார்.

கூலி கிலோ கணக்கில்தான். உரித்து எடுத்த பருப்பைக் கொண்டுபோய் வைத்தால் தராசின் முள் எடை போடுகிறவருக்கு மட்டும் தெரியும்படி திரும்பியிருக்கும். உங்கள் பஞ்சாயத்துக்கு முந்திரியோ மீனோ மசாலாவோ, எந்த உணவு ஆலை வருவதாக இருந்தாலும் கூட்டத்தில் எழுந்து நில்லுங்கள். குழந்தைகள் அறை எங்கே, வேன் எத்தனை மணிக்கு, தராசு எந்தப் பக்கம் பார்த்து இருக்கும் என்று கேளுங்கள். பதில் சொன்ன பிறகு அவர்கள் அஸ்திவாரம் தோண்டட்டும்.

வணக்கம்.