பூச்சு வேலைக்கு முன்னால் ஒரு ஒயர்

நேயர்களுக்கு வணக்கமுங்க. புதுக் கட்டடத்துக்கு இனி கேஸ் கிடையாது, எல்லாம் கரண்ட்தான் என்று ஒரு நகரம் சட்டம் போடலாமா? இதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் கோயமுத்தூரில் வீடுகளுக்கு ஒயரிங் வேலை எடுத்துச் செய்கிறவன். சட்டத்தைவிட ஒயரைப் பற்றித்தான் அதிகம் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் பெர்க்லி என்ற ஊர் 2019இல் இப்படி முதன்முதலாகச் சட்டம் போட்டது. உணவகக்காரர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். இதில் நகரம் கைவைக்க முடியாது, மத்தியச் சட்டம் ஏற்கெனவே இருக்கிறது என்று 2023இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த ஊர்ச் சட்டத்தைத் தள்ளிவிட்டது. நியூயார்க் நகரம் சாமர்த்தியமாக வேறு வழியில் போனது. கேஸ் என்ற பேச்சையே எடுக்காமல், கட்டடத்துக்குள் எரிக்கிற எரிபொருளில் இவ்வளவுக்கு மேல் கரியமில வாயு வரக்கூடாது என்று 2021இல் சட்டம் எழுதி, 2024 முதல் ஏழு மாடிக்குக் குறைந்த புதுக் கட்டடங்களில் ஆரம்பித்தது.

அங்கே கேஸ் பெருவாரியாகச் செலவாவது குளிர்காலத்தில் வீட்டைச் சூடு பண்ண. நமக்கு அந்தத் தொல்லை இல்லை. சோறாக்க, தண்ணி வார்க்க, இரண்டே வேலை. எங்க அம்மா தென்னை மட்டையைச் சொருகிச் செப்பு அண்டாவில் காய்ச்சிய வெந்நீர் இப்போது கீசரில் வருகிறது. நீலகிரி மலையிலிருந்து பைக்காரா மின்சாரம் 1932இல் வந்த பிறகு மில்லும் மோட்டாருமாக வளர்ந்த ஊர் இது. ஆட்டுக்கல்லுக்கு மோட்டார் பூட்டி நாட்டுக்கே கிரைண்டர் விற்றவர்கள் நாம். மிச்சம் இருப்பது அடுப்பு மட்டும்தான்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். 14.2 கிலோ சிலிண்டரில் உள்ள சூட்டை யூனிட்டாக மாற்றினால் 180க்குப் பக்கம் வரும். பாத்திரத்தைச் சுற்றி வீணாகிறது போக, உள்ளே ஏறுவது 110 வாக்கில்தான். அதே சமையலை இண்டக்ஷன் என்கிற கரண்ட் அடுப்பில் செய்ய 130 யூனிட் போதும். ஆனால் நம் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. அந்த யூனிட் சேரும்போது யூனிட் விலை கூடின அடுத்த ஸ்லாபுக்குத் தாவிவிடும். பில் கட்டுகிறவருக்குத்தான் அந்த வலி தெரியும்.

போன வருஷம் சரவணம்பட்டிப் பக்கம் ஒரு புது பிளாட்டுக்குக் கூப்பிட்டார்கள். போனால் சமையலறையில் கருகிய வாசம். மிக்ஸிக்காகப் போட்ட 6 ஆம்பியர் பிளக்கில் 2000 வாட் இண்டக்ஷன் அடுப்பு ஓடியிருக்கிறது. பிளக் உருகி, சுவரில் கைப்பிடி அகலத்துக்குக் கறுப்பு. "தம்பி, ஒறம்பரை வந்தாங்கன்னு ரெண்டு அடுப்பையும் சேர்த்துப் போட்டேன்" என்றார் அந்த அம்மா. அவர்மேல் என்ன தப்பு? கட்டும்போதே 4 ஸ்கொயர் எம்.எம். தடிமன் ஒயரில் 16 ஆம்பியர் பாயிண்ட் இரண்டு தனியாக இழுத்திருந்தால் சில ஆயிரம் ரூபாய் கூடியிருக்கும், அவ்வளவுதான். இப்போது டைல்ஸை உடைக்க வேண்டியதாகிவிட்டது.

அதனால் சட்டம் வந்தால் அடுப்பைத் தொடாமல் ஒயரைத் தொடட்டும் என்பேன். சமையலறைக்குத் தனி சர்க்யூட், தாங்குகிற அளவுக்கு மெயின், அடுக்குமாடி என்றால் டிரான்ஸ்பார்மர் வைக்க இடம். இது இருந்தால் கேஸை விடுவதும் வைத்துக்கொள்வதும் அவரவர் இஷ்டம். மழைநீர்த் தொட்டியைக் கட்டாயமாக்கியபோது நடந்தது நினைவிருக்குமே. சர்டிபிகேட்டுக்காகக் குழி வெட்டி, அப்புறம் மண்ணைப் போட்டு மூடிய வீடுகளும் உண்டு. அந்தக் கதி இதற்கு வரக்கூடாது.

கரண்ட் என்றாலே சுத்தம் என்றும் நினைக்க வேண்டாம். ஆனி, ஆடியில் பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலைகள் போடு போடென்று சுற்றும். தை மாசத்து ராத்திரி ஏழு மணிக்கு ஊரே கரண்ட் அடுப்பைப் போட்டால் அந்தக் கரண்டில் பெரும்பங்கு நிலக்கரிதான்.

எங்கள் வீட்டில் அரிசிம்பருப்புச் சோறு, பால், காபி எல்லாம் இண்டக்ஷனில் ஆகிறது. அலுமினியப் பாத்திரம் வைத்தால் அது பீப் பீப் என்று கத்தும், அதனால் பழைய குண்டாக்களைப் பரண்மேல் ஏற்றியாச்சு. தோசைக்கு மட்டும் வீட்டம்மா ஒத்துக்கொள்ளவில்லை. கல்லில் நடு முறுகி ஓரம் வேகாமல் நிற்கிறதாம். அதற்கென்று ஒரு சிலிண்டர் மூலையில் இருக்கிறது. நாலு மாசம் வருகிறதுங்க.