டாட்ஜ்பால்: முதல் விசிலுக்கு முன் பேசித் தீர்க்க வேண்டியவை

நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் ஆகஸ்ட் கடைசியில் வகுப்புகள் தொடங்கியதும், மாணவர்கள் தங்களுக்குள் அணி சேர்ந்து ஆடும் போட்டிகளுக்குப் பெயர் பதிவும் தொடங்கிவிடும். கூடைப்பந்து, வாலிபால் வரிசையில், எதிரணியினர் மீது பந்தெறிந்து அவர்களை வெளியேற்றும் டாட்ஜ்பாலும் இருக்கும். எந்த விளையாட்டிலும் முறையாகப் பயிற்சி பெறாதவர்கள்கூடத் துணிந்து பெயர் கொடுக்கக்கூடிய ஆட்டம் அது. மேற்படிப்புக்குச் சென்ற நம் பிள்ளைகள் பலரும் அதில் இறங்குகிறார்கள். புதியவர்கள் அதிகம் என்பதால்தான் அதன் விதிகளைப் பொறுமையாகச் சொல்லித் தரவேண்டும் என்று நான் வற்புறுத்துகிறேன்.

நம் பள்ளிகளில் ஓர் அணி வட்டமாக நிற்கும், மற்ற அணி நடுவில் நின்று தப்பிக்கும். கல்லூரிப் போட்டியில் வட்டம் கிடையாது. நடுக்கோட்டின் இருபுறமும் அணிக்கு ஆறு பேர். மொத்தம் ஆறு பந்துகள். வாலிபால் ஆடுகளத்தின் கோடுகளே இதற்குப் போதும். வலையைக் கழற்றிவிட்டால் நடுக்கோடு, அதிலிருந்து மூன்று மீட்டரில் தாக்குதல் கோடு, பின்கோடு எல்லாம் தயாராக இருக்கின்றன.

பந்துகளை நடுக்கோட்டில் வரிசையாக வைத்துவிடுவார்கள். இரு அணியினரும் பின்கோட்டில் நிற்பார்கள். விசில் ஊதியதும் ஓடிவந்து தமக்கு வலப்புறம் இருக்கும் மூன்று பந்துகளை மட்டும் எடுக்கலாம். எடுத்த இடத்திலிருந்தே அடிக்கக் கூடாது. பந்தைத் தாக்குதல் கோட்டுக்குப் பின்னால் கொண்டுபோன பிறகுதான் எறியலாம். ஆட்டம் மந்தமாகிவிடும் என்று சில மாணவர்கள் இந்த விதியை எடுத்துவிடச் சொல்வார்கள். எடுக்கவே கூடாது. முழு வேகத்தில் ஓடிவந்து குனிகிற ஒருவரின் முகம், எதிரணிக்காரரின் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும் நொடி அது.

அவுட் ஆவது எப்படி? எறிந்த பந்து தரையிலோ சுவரிலோ வேறொருவர் மீதோ படாமல் நேராக வந்து, தோளுக்குக் கீழே உடம்பில் பட்டால் அவுட். சட்டை நுனியில் உரசினாலும் அவுட்தான். தரையில் குதித்து வந்த பந்து செத்த பந்து. அது யார்மீது பட்டாலும் கணக்கில்லை. எல்லைக்கோட்டையோ நடுக்கோட்டையோ தாண்டினால் அவுட். வெளியே உருண்ட பந்தை எடுக்கப் போகிறவர் பின்கோடு வழியாகவே போய் அதே வழியாகத் திரும்ப வேண்டும்.

இந்த ஆட்டத்தின் உயிர் கேட்ச்சில் இருக்கிறது. எதிர்ப்புறம் நான்கு பேர் நிற்கிறார்கள், இந்தப் பக்கம் ஒருத்தி மட்டும் மிஞ்சியிருக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவசரக்காரன் ஒருவன் முன்னே வந்து வீசுகிறான். அவள் தன் கையில் இருந்த பந்தை நழுவவிட்டு, இடுப்புயரத்தில் வருகிற பந்தை வயிற்றோடு அணைத்துப் பிடித்துவிடுகிறாள். வீசியவன் வெளியே, பெரும்பாலான கல்லூரி விதிகளின்படி அவளுடைய அணியில் முதலில் அவுட்டானவன் உள்ளே. நான்குக்கு ஒன்று என்று இருந்தது மூன்றுக்கு இரண்டாகிவிடுகிறது. பலமாக எறியத் தெரியாத ஒரு பெண்ணோ பையனோ அணிக்கே தூணாகிவிடும் வாய்ப்பு இதில் இருக்கிறது. எறிவதை மட்டும் பழகிவிட்டு வருகிற அணிகள், பிடிக்கப் பழகிய அணிகளிடம் தோற்றுப்போவது இதனால்தான்.

கையில் இருக்கும் பந்தால் வருகிற பந்தைத் தடுக்கலாம். தடுக்கும்போது கையில் இருக்கும் அந்தப் பந்து நழுவி விழுந்தால் தடுத்தவர் அவுட்.

இனி, நான் மிகவும் கவலைப்படும் விஷயத்துக்கு வருகிறேன். அமெரிக்காவின் உடற்கல்வி ஆசிரியர்களுக்கான தேசிய அமைப்பு 2006-ஆம் ஆண்டிலேயே, பள்ளி உடற்கல்வி வகுப்புக்கு டாட்ஜ்பால் ஏற்றதல்ல என்று அறிக்கை வெளியிட்டது. 2017-இல் அதே நிலையை மீண்டும் சொன்னது. மனிதர்களையே குறிபார்க்கும் ஆட்டம், பலவீனமான பிள்ளை முதலில் அடிபட்டு ஓரத்தில் உட்கார்ந்துவிடும் ஆட்டம் என்பது அவர்களுடைய வாதம். பள்ளிக்கூடத்தைப் பொறுத்தவரை அவர்கள் சொல்வது சரி என்றே நினைக்கிறேன். அங்கே குழந்தைக்கு "நான் வரவில்லை" என்று சொல்லும் உரிமை இல்லை. கல்லூரியில் விரும்பியவர்கள் மட்டுமே வருகிறார்கள், ஆகவே நியாயம் மாறுகிறது. ஆனால் தலையில் பட்டால் ஏற்படும் மூளையதிர்ச்சி, வயது பார்ப்பதில்லை.

ஆகவே போட்டி நடத்துகிறவர்கள் இரண்டு காரியங்களில் கண்டிப்பாக இருக்க வேண்டும். முதலாவது, பந்து. காற்றடைத்த ரப்பர் பந்துகளைத் தவிர்த்து, மேலே தோல்போன்ற பூச்சுள்ள ஃபோம் பந்துகளையே வாங்குங்கள். இரண்டாவது, தலையில் அடித்தால் அடித்தவரே அவுட். வேண்டுமென்று அடித்தாரா, கை தவறியதா என்ற விசாரணையே வேண்டாம். அடிபட்டவர் குனிந்ததாலோ பாய்ந்ததாலோ தலை பந்துக்கு நேரே வந்திருந்தால் மட்டும் அடித்தவர்மீது குற்றமில்லை. அப்போதும் ஆட்டத்தை நிறுத்தி, அடிபட்டவரின் கண்ணைப் பார்த்துப் பேச்சுக் கொடுக்க வேண்டும். தலைசுற்றல், குமட்டல், தடுமாற்றம், இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றைக்கு அவர் மறுபடி இறங்கக் கூடாது. இறுதி ஆட்டமே ஆனாலும் சரி.

அடுத்தது, கையை உயர்த்துவது. ஆறு பந்துகள் ஒரே நேரத்தில் பறக்கும்போது நடுவர் எல்லாவற்றையும் பார்க்க முடியாது. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் 2012-இல் 6,084 பேர் சேர்ந்து ஆடி கின்னஸ் சாதனை படைத்தார்கள். அத்தனை பேர்மீது படுகிற பந்தை எந்த நடுவர் எண்ணுவார்? அதனால் பல போட்டிகளின் தொடக்கச் சுற்றுகளில், பட்டவரே ஒத்துக்கொண்டு கையை உயர்த்தியபடி வெளியேற வேண்டும் என்பது எழுதப்பட்ட விதி. இது வெறும் நல்லொழுக்கப் பேச்சு அல்ல. உயர்த்திய கை, "நான் ஆட்டத்தில் இல்லை, என்னை அடிக்காதே" என்று மற்றவர்களுக்குச் சொல்லும் அடையாளமும்கூட. பட்டும் படாததுபோல நிற்கிறவரை அவருடைய அணித்தலைவரே வெளியே அழைத்துவிட வேண்டும். அப்படி அழைக்கும் தலைவர்களை எனக்கு மிகவும் பிடிக்கும். அவர்கள் ஆடும் அரங்கில் கூச்சல் இருக்கும், சண்டை இருக்காது.

நேரத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஓர் ஆட்டத்துக்கு ஐந்து நிமிடம். முடியும்போது எந்தப் பக்கம் அதிகம் பேர் நிற்கிறார்களோ அவர்களுக்கு வெற்றி. சமமாக இருந்தால் ஒரு நிமிடம் கூடுதல். அதில் முதலில் ஒருவரை அவுட்டாக்கும் அணி வெல்லும். முன்னணியில் இருக்கும் அணி ஆறு பந்துகளையும் தன்னிடமே வைத்துக்கொண்டு ஐந்து நொடிக்குமேல் கடத்தினால் அது விதிமீறல்.

கடைசியாக, அணித்தலைவர்கள் கூட்டம். வளாகத்துக்கு வளாகம் விதி மாறும் இடங்கள் சில இருக்கின்றன. ஒருவர் உடம்பில் பட்டுத் தெறித்த பந்தை அவருடைய அணிக்காரர் தரையில் விழுமுன் பிடித்துவிட்டால், பட்டவர் தப்புவாரா? தடுக்கும் பந்தைப் பிடித்திருக்கும் விரல்களில் பட்டால் அவுட்டா? ஆண்களும் பெண்களும் சேர்ந்த அணியில் களத்தில் குறைந்தது எத்தனை பெண்கள் இருக்க வேண்டும்? இந்தக் கேள்விகளுக்கு எந்தப் பதிலும் தவறில்லை. ஆட்டத்தின் நடுவில் பதில் தேடுவதுதான் தவறு. முதல் நாளுக்கு முன்பே தலைவர்களைக் கூட்டி முடிவு செய்து, ஒரே தாளில் எழுதி, எல்லோரிடமும் கையெழுத்து வாங்கி, அரங்கின் வாசலில் ஒட்டிவிடுங்கள். தலையில் அடித்தால் அவுட் என்ற வரி அந்தத் தாளில் முதலாவதாக இருக்கட்டும்.

நன்றி, வணக்கம்.