புதுக் காரா, பாவிச்ச காரா? முதல்ல சீட் பெல்ட்டை இழுங்க

(காட்சி: மட்டக்களப்பு, கல்லடிப் பாலம், காலை நேரம்)

வணக்கம். இந்தப் பாலத்தடியில அஞ்சு நிமிசம் நிண்டு பாருங்க. கண்ணில படுறதெல்லாம் சுசுகி வேகன் ஆரும், பெற்றோலோட பற்றரியிலயும் ஓடுற டொயோட்டா அக்வா ஹைபிரிட்டும்தான். பத்து வருசம் ஓடின வேகன் ஆருக்கு விலை கேட்டா, அது கப்பலால இறங்கின நாள் விலையைவிடக் கூடச் சொல்றாங்க.

2020 மார்ச்சில இலங்கைக்குக் கார் இறக்குமதியை நிப்பாட்டினாங்க. தனியார் கார் திரும்ப வர வழி திறந்தது 2025 பெப்ரவரி 1ஆம் திகதி. நடுவில உள்ளூர்ல கிடந்த கார்களே கைமாறிக் கைமாறி ஓடினது. 2022இல டொலர் 200 ரூபாயில இருந்து 360ஐத் தாண்டினது. இப்ப கப்பல் வருது, கூடவே சுங்க வரி, உற்பத்தி வரி, 18 வீத வற் எல்லாம் சேர்ந்து வருது.

அதால ஒரு விசயம் விளங்கணும். பாவிச்ச காரின்ர விலை அந்தக் காரின்ர பெறுமதி இல்ல. புதுக் காரின்ர வரியோட நிழல். வரி குறைஞ்சா நிழலும் சுருங்கும். "கார் வாங்கிப்போட்டா நட்டமே வராது" எண்ட கதை, இறக்குமதி பூட்டிக் கிடந்த காலத்துக் கதை. அதை இப்பவும் சொல்ற புரோக்கரை நான் நம்பமாட்டன்.

(காட்சி: கார் சேல் வாசல்)

இன்னொண்டு. நம்மட பக்கம் "புதுக் கார்" எண்டு சொல்றதில நிறைய, ஜப்பான்ல ஆரோ ஓடின ரீகண்டிஷன் கார். இங்க பதியப்படாததால புதுசு, அவ்வளவுதான். ஒக்ஷன் ஷீட்டைக் கேளுங்க, அதுதான் ஜப்பான் ஏலத்தில காரின்ர நிலையை எழுதிக் குடுக்கிற தாள். செசி நம்பரை வச்சு நீங்களே சரிபாருங்க, அவர் காட்டுற போட்டோக் கொப்பியை மட்டும் நம்பவேணாம். அதில "R" எண்டு தரம் போட்டிருந்தா விபத்தில அடிபட்டுத் திருத்தினது எண்டு அர்த்தம்.

லீசிங் கணக்கு ஒண்டு. 30 இலட்சம், வருச வட்டி 14 வீதம், அஞ்சு வருசம் எண்டு வைப்பம். குறைஞ்சு போற மீதிக்கு வட்டி போட்டாலும் மாசம் கிட்டத்தட்ட 69,800 ரூபா. முடியேக்க 41 இலட்சத்து 88 ஆயிரம் கட்டியிருப்பீங்க. புதுசுக்கும் பழசுக்கும் இடையில உள்ள 30 இலட்சத்தைக் கடனா எடுக்கிறவருக்கு அந்த "புது" வாசம் கிட்டத்தட்ட 12 இலட்சம் வட்டி.

டவுனுக்கும் காத்தான்குடிக்கும் களுவாஞ்சிக்குடிக்கும் மட்டும் போறவருக்கு நான் சொல்றது, கையில உள்ள காசுக்கு நல்லாப் பராமரிச்ச சின்னப் பெற்றோல் கார். கொழும்புக்கு 300 கிலோமீற்றருக்கு மேல, அதுவும் கிழமைக்குக் கிழமை ஓடுறவருக்கு ஹைபிரிட் கணக்கு சரிவரும்.

(காட்சி: சீட் பெல்ட், கிட்டப் போய்)

இப்பதான் முக்கியமான இடம். 2024 நவம்பர் வெள்ளம் நினைவிருக்கும். அம்பாறைப் பக்கமும் நம்மட பக்கமும் தண்ணிக்குள்ள நிண்ட கார் எத்தனை! அதுகளும் கழுவித் துடைச்சு விற்பனைக்கு வரும். நான் ஒருக்கா ஒரு காரைப் பாக்கப் போனன். உள்ளுக்க மல்லிகைப்பூ வாசம், கம்பளம் புத்தம் புதுசு. சீட் பெல்ட்டைக் கடைசி மட்டும் இழுத்தன். சுருளின்ர அடியில ரெண்டு சாண் நீளத்துக்குச் சேத்து நிறம். விக்கிறவர் தேத்தண்ணி குடிக்கச் சொன்னார். நான் குடிக்காமலே வந்திட்டன்.

பெல்ட்டோட நிப்பாட்டாதீங்க. டிக்கியில ஸ்பெயார் வீலைத் தூக்கி அடியில துருவைப் பாருங்க. சீட் தண்டவாளத்தையும் தடவுங்க. கடற்கரைக்குக் கிட்ட நிண்ட காருக்கு உப்புக் காத்து அடியில இருந்துதான் தின்னும், மேல பெயின்ற் பளபளக்கும்.

அக்வா எண்டா பின் சீட்டின்ர பக்கவாட்டில ஒரு காத்து வாய் இருக்கு. பற்றரி மூச்சு விடுற இடம். அதுக்குள்ள மணலும் பஞ்சும் அடைச்சுக் கிடந்தா பற்றரி சூட்டில வெந்திருக்கும். விலை பேச முதல் ஒரு கராஜ் பாஸிட்டக் காட்டி ஸ்கேன் பண்ணுங்க.

கடைசியாப் பேப்பர். சீ.ஆர் எண்ட வாகனப் பதிவுப் புத்தகத்தில முழு உரிமையாளர் எண்ட இடத்தில லீசிங் கம்பனி பேர் இருந்தா, கடன் முடிஞ்ச கடிதம் இல்லாம முற்பணம் குடுக்கவேணாம். "பேர் மாத்தாம ஓப்பன் பேப்பர்ல ஓடுங்க, பிறகு மாத்தலாம்" எண்டு சொன்னா, பிறகு எப்ப எண்டு கேளுங்க. பதிவில பேர் உள்ள ஆள் வெளிநாட்டில எண்டா, கையெழுத்துக்கு நீங்கதான் அலையணும்.