கச்சேரிக்குப் போகும் காது

வணக்கம். பதிவு செய்வதற்காக மின்விசிறியை நிறுத்திவிட்டேன், சன்னலையும் சாத்திவிட்டேன். ஆனாலும் என் இடது காதில் மெல்லிய ரீங்காரம் ஒன்று கேட்டுக்கொண்டேதான் இருக்கிறது. மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, சென்னைப் புறநகரில் திறந்தவெளி மைதானம் ஒன்றில் நடந்த திரையிசைக் கச்சேரிக்குப் போயிருந்தேன். மேடைக்கு நெருக்கமான, விலை கூடிய சீட்டு. மேடையின் இடப்புறம் ஆள் உயரத்துக்கு மேல் அடுக்கியிருந்த ஒலிபெருக்கிகளுக்கு நாலைந்து மீட்டர் தள்ளி மூன்று மணி நேரம் நின்று, தொண்டை கட்டும் வரை கூடவே பாடினேன். திரும்பும் வழியில் ஆட்டோ ஓட்டுநர் கேட்ட கேள்வி, கனத்த போர்வைக்கு அடியிலிருந்து வருவதுபோல் கேட்டது. வலது காது இரண்டு நாளில் தெளிந்துவிட்டது. இடது காதில் எழுந்த ஒலி மட்டும் தங்கிவிட்டது. பகலில் அதை மறந்திருக்கலாம். இரவில், ஊர் அடங்கிய பிறகு, மறக்க முடியாது.

கச்சேரிக்குப் போகாதீர்கள் என்று சொல்ல நான் இங்கே உட்காரவில்லை. நான் இன்றும் போகிறேன், சென்ற மாதம்கூடப் போனேன். ஆனால் இப்போது சட்டைப் பையில் ஒரு சிறிய டப்பாவோடு போகிறேன். அந்த டப்பாவுக்குள் இருக்கும் இயர்பிளக்கைப் பற்றியும், அதாவது காதுக்குள் வைத்துச் சத்தத்தைக் குறைக்கும் சிறு அடைப்பானைப் பற்றியும், அதை நம்மில் பலர் எவ்வளவு தவறாகப் பயன்படுத்துகிறோம் என்பதைப் பற்றியும்தான் இன்றைய பேச்சு.

முதலில் அளவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், அது புரியாமல் மற்றது எதுவும் புரியாது. ஒலியை அளக்கும் டெசிபல் என்பது காய்கறிக் கடைத் தராசைப் போன்றதன்று. 3 டெசிபல் கூடினால் காதுக்குள் போகும் ஆற்றல் இரு மடங்காகிறது. 10 கூடினால் பத்து மடங்கு. 20 கூடினால் நூறு மடங்கு. நம் மனத்துக்கோ 10 டெசிபல் கூடும்போது 'சத்தம் இரண்டு மடங்காகிவிட்டது' என்று மட்டுமே தோன்றுகிறது. அமெரிக்காவின் தேசியப் பணியிடப் பாதுகாப்பு, உடல்நல நிறுவனம் தொழிலாளர்களுக்கென்று பரிந்துரைக்கும் கணக்கு இது: 85 டெசிபலில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் இருக்கலாம், அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறைந்துகொண்டே வரும். 88-இல் 4 மணி, 91-இல் 2 மணி, 94-இல் 1 மணி, 97-இல் அரை மணி, 100-இல் வெறும் 15 நிமிடம். பெரிய கச்சேரிகளில் 100 டெசிபல் என்பது அரிதான அளவன்று. அந்த அளவில் மூன்று மணி நேரம் நின்றால், ஒரு நாளுக்குரிய பங்கைப் போலப் பன்னிரண்டு மடங்கை ஒரே மாலையில் உட்கொண்டதாகக் கணக்கு.

இந்தக் கணக்கு பல்லாண்டு காலம் அன்றாடம் இரைச்சலில் வேலை செய்பவர்களை மனத்தில் வைத்துப் போடப்பட்டது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை கச்சேரிக்குப் போகிறவர் அடுத்த நாளே செவிடாகிவிடுவார் என்று அதற்குப் பொருள் இல்லை. எவ்வளவு சத்தம், எவ்வளவு நேரம் என்ற இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்பதற்கு அது நல்ல அளவுகோல், அவ்வளவுதான். கையில் கருவி இல்லாதபோது எளிய சோதனை ஒன்று உண்டு: ஒரு கை நீட்டும் தொலைவில் நிற்கும் நண்பரிடம் பேசவே குரலை உயர்த்த வேண்டியிருந்தால், நீங்கள் ஏறத்தாழ 85 டெசிபலை எட்டிவிட்டீர்கள்.

உள்காதில் நத்தை ஓடு போலச் சுருண்ட ஓர் உறுப்பு இருக்கிறது. அதற்குள், ஒரு காதுக்கு ஏறத்தாழ 15,000 என்ற எண்ணிக்கையில், நுனியில் மெல்லிய இழைகளைக் கொண்ட மயிர்ச்செல்கள் உள்ளன. ஒலியின் அசைவை நரம்புக்குரிய செய்தியாக மாற்றுபவை அவையே. அளவுக்கு மீறிய ஒலியில் அவை களைத்துப் போகும்; கச்சேரி முடிந்ததும் காது அடைத்தாற்போல் இருப்பது இதனால்தான். ஓய்வு கிடைத்தால் பெரும்பாலானவை மீளும், மீளாதவை இறந்துவிடும். கோழிக்கும் மற்றப் பறவைகளுக்கும் இறந்த மயிர்ச்செல்கள் மறுபடி முளைக்கின்றன, நமக்கு முளைப்பதில்லை. பிறக்கும்போது கிடைத்த கையிருப்பை வைத்துக்கொண்டுதான் கடைசி வரை ஓட்ட வேண்டும்.

'திங்கட்கிழமைக்குள் சரியாகிவிட்டது, ஆகவே சேதம் எதுவும் இல்லை' என்றுதான் நானும் பல ஆண்டுகள் நினைத்திருந்தேன். 2009-இல் பாஸ்டனில் குஜாவா, லிபர்மன் என்ற இரு ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவுகள் இந்த நினைப்பை ஆட்டம் காண வைத்தன. எலிகளை 100 டெசிபல் இரைச்சலில் இரண்டு மணி நேரம் வைத்தார்கள். சில நாட்களில் அவற்றின் கேட்கும் திறன் பழைய அளவுக்குத் திரும்பியது, மயிர்ச்செல்களும் பிழைத்திருந்தன. ஆனால் அந்தச் செல்களை நரம்போடு இணைக்கும் சந்திப்புகளில், சில பகுதிகளில் பாதி வரை, நிரந்தரமாக அழிந்திருந்தன. மனிதரில் இது எந்த அளவுக்கு நிகழ்கிறது என்பது இன்னும் விவாதத்தில் இருக்கிறது. இருந்தாலும், அடைப்பு நீங்கியதை வைத்து மட்டும் காது தப்பித்துவிட்டது என்று சொல்லும் துணிவு எனக்குப் போய்விட்டது.

இந்த இடத்தில் என் அப்பாவைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தென்காசிப் பக்கத்தில் எங்கள் ஊரில் அவர் மைக் செட் வைத்திருந்தார். கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடை எதுவானாலும் தென்னை மரத்தில் கூம்பு ஒலிபெருக்கியைக் கட்டிவிட்டு, பந்தலில் ஆம்ப்ளிஃபயருக்குப் பக்கத்திலேயே இரவெல்லாம் உட்கார்ந்திருப்பார். இப்போது அவருக்குச் சத்தம் கேட்கிறது, சொல்தான் பிடிபடுவதில்லை. அம்மா 'சட்டையை எடுங்க' என்றால் அவர் கொல்லைக்குப் போய் ஒரு கட்டையோடு வருவார். நாங்கள் சிரித்திருக்கிறோம், இன்று அதற்காக வருந்துகிறேன். நம் காதுக்குழாய் தன் நீளத்தின் காரணமாக 3,000 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 3,000 அதிர்வுகள், அருகிலுள்ள ஒலிகளைத் தானே கூட்டிக் கொடுக்கிறது. எனவே இரைச்சலின் சேதம் முதலில் அதற்குச் சற்று மேலே, 4,000 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தில் விழுகிறது. கேள்திறன் பரிசோதனைத் தாளில் அந்த இடத்தில் ஒரு பள்ளம் தெரியும். உயிரெழுத்துகளின் கனம் கீழ்ச் சுருதிகளில் இருப்பதால் அவை கேட்கும். சகரத்தையும் ககரத்தையும் பிரித்துக் காட்டும் மெல்லிய ஒலிகள் மேலே இருப்பதால் அவை நழுவிவிடும். 'கேட்குது, ஆனா புரியல' என்று வயதானவர்கள் சொல்வது மழுப்பல் அன்று, அவர்களுடைய காதின் துல்லியமான விவரிப்பு.

சரி, டப்பாவைத் திறக்கிறேன். இது நுரையாலான இயர்பிளக், மருந்துக் கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும். இதனால் உண்மையில் பயன் உண்டா என்று கேட்பவர்களுக்கு ஆம்ஸ்டர்டாமில் நடந்த ஒரு சோதனையைச் சொல்வேன். 2015 செப்டம்பரில் அங்கே நடந்த திறந்தவெளி இசை விழாவுக்கு 51 பேரை அழைத்துப் போனார்கள். குலுக்கல் முறையில் பாதிப் பேருக்கு இயர்பிளக் கொடுத்தார்கள், மீதிப் பேருக்குக் கொடுக்கவில்லை. நாலரை மணி நேரம், சராசரியாக 100 டெசிபல். முடிந்ததும் சோதித்ததில், அடைத்துக்கொண்டவர்களின் காதுகளில் 8 விழுக்காட்டிலும், திறந்த காதுகளில் 42 விழுக்காட்டிலும் கேட்கும் திறன் தற்காலிகமாகக் குறைந்திருந்தது. காதிரைச்சல் தோன்றியவர்கள் முதல் குழுவில் 12 விழுக்காடு, மறு குழுவில் 40. ஒரு தேநீர் விலையிலுள்ள பொருளுக்கு இதைவிட என்ன நற்சான்று வேண்டும்?

ஆனால் போட்டுக்கொள்ளும் விதத்தில்தான் பெரும்பாலோர் தோற்றுப்போகிறோம். காது வாசலில் பாதியாகத் தொங்கவிட்டால் அது அலங்காரம் மட்டுமே. கையைக் கழுவிவிட்டு, விரல்களுக்கு இடையில் இப்படி உருட்டி, மடிப்பு விழாமல் மெல்லிய திரி போல ஆக்குங்கள். இப்போது எதிர்க் கையைத் தலைக்குப் பின்புறமாகக் கொண்டுபோய், காது மடலின் மேல்பகுதியைப் பிடித்து மேலும் பின்னுமாக இழுங்கள். வளைந்திருக்கும் காதுக்குழாய் அப்போதுதான் நேராகும். திரியை உள்ளே செலுத்தி, விரல் நுனியால் அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள், நுரை விரிந்து குழாயை நிரப்பட்டும். சரியாகப் பொருந்தியிருந்தால் உங்கள் குரலே பானைக்குள்ளிருந்து வருவதுபோல் ஒலிக்கும். பிறகு இரு உள்ளங்கைகளாலும் காதுகளை இறுக மூடிப் பாருங்கள். அப்போது சத்தம் மேலும் நன்றாகக் குறைந்தால், பிளக் உள்ளே சரியாக உட்காரவில்லை என்று பொருள், எடுத்துவிட்டு மறுபடி போடுங்கள். வீட்டில் நாலு முறை பழகிக்கொள்வது நல்லது. கூட்ட நெரிசலில், இருட்டில், வியர்த்த விரலோடு முதல் முறையாக முயல்வது வீண். பஞ்சோ காகித நாப்கினோ இதற்கு ஈடாகாது. அவை குறைப்பது சொற்பம், கொடுப்பது பொய்யான நிம்மதி.

நுரைக்கு ஒரு குறை உண்டு. உயர்ந்த சுருதிகளை அதிகமாகவும் தாழ்ந்தவற்றைக் குறைவாகவும் அது தடுப்பதால், வயலின் மங்கி, பேஸ் எனும் அடித்தள ஒலி மட்டும் மொத்தையாக நிற்கும். இசைக்கென்றே செய்யப்பட்ட, உள்ளே வடிகட்டி வைத்த இயர்பிளக்குகள் எல்லாச் சுருதிகளையும் ஏறக்குறைய ஒரே அளவில், 15 முதல் 20 டெசிபல் வரை, இறக்கிவிடும். விலை கூடுதல்தான், ஆனால் கச்சேரிச் சீட்டுக்குக் கொடுக்கும் பணத்தோடு ஒப்பிட்டால் நான் குறை சொல்ல மாட்டேன். இவற்றைப் போட்டுக்கொண்டபோது பாடகரின் சொற்கள் எனக்கு முன்பைவிடத் தெளிவாகக் கேட்டன. மிகையான ஒலியில் காதே திணறிப்போகிறது என்பதை அன்றுதான் அனுபவத்தில் கண்டேன்.

இனி நான் செய்த, நீங்களும் செய்யப்போகும் தவறு. மூன்று மணி நேரக் கச்சேரியில் 160 நிமிடம் பிளக்கோடு இருக்கிறீர்கள்; பிடித்த நாலு பாட்டு வரும்போது, 'இதை மட்டும் முழுதாகக் கேட்போம்' என்று 20 நிமிடம் கழற்றுகிறீர்கள். வெளியே 100 டெசிபல், பிளக் 15 குறைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த 160 நிமிடத்தில் காது வாங்கியது ஒரு நாள் பங்கில் மூன்றில் ஒன்று. கழற்றிய 20 நிமிடத்தில் வாங்கியது ஒன்றே கால் பங்குக்கும் மேல், அதாவது மற்ற நேரம் முழுவதையும் சேர்த்ததைப் போல நான்கு மடங்கு. கழற்றித்தான் ஆக வேண்டும் என்றால், கூட்டத்தை விட்டு வெளியே வந்து, உணவுக் கடைகள் இருக்கும் பக்கம் போய்க் கழற்றுங்கள்.

நிற்கும் இடத்தையும் பாருங்கள். திறந்தவெளியில் ஓர் ஒலிபெருக்கியிலிருந்து இரு மடங்கு தொலைவு விலகினால் ஏறத்தாழ 6 டெசிபல் குறையும். வரிசையாகத் தொங்கவிடும் பெரிய அமைப்புகளில் இந்தக் குறைவு இதைவிடச் சிறியது, ஆனாலும் குறைவு குறைவுதான். மைதானத்தின் நடுவில் ஒலிப்பொறியாளர் ஒலிக்கலவைக் கருவியோடு அமர்ந்திருக்கும் தனி மேடைக்குப் பக்கத்தில் நில்லுங்கள். அவர் தன் காதில் கேட்பதை வைத்துத்தான் எல்லாவற்றையும் சரிசெய்கிறார். ஆகவே மைதானத்திலேயே இசை நன்றாகக் கேட்கும் இடம் பெரும்பாலும் அதுவே. என் விலை கூடிய சீட்டு எனக்கு வாங்கிக் கொடுத்தது பாடகரின் முகத்தை மட்டும்தான்.

குழந்தைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஒலிபெருக்கி அருகே நிற்கும் பெற்றோரைப் பார்க்கும்போது எனக்குப் பதறுகிறது. சின்னக் காதுக்குள் நுரை பிளக் சரியாக நிற்காது. தலைக்கு மேல் வளையம் போட்டுக் காதை முழுதாக மூடும் காதுறைகள் குழந்தைகள் அளவில் கிடைக்கின்றன. அது இல்லையென்றால் கைக்குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள்.

உலகச் சுகாதார நிறுவனம் 2022-இல் இசையரங்குகளுக்கென்று ஒரு நெறிமுறை வெளியிட்டது: 15 நிமிடச் சராசரி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது, ஒலியளவை நேரடியாகக் கண்காணிக்க வேண்டும், வருகிறவர்களுக்கு இயர்பிளக் கிடைக்க வேண்டும், காது ஓய்வெடுக்க அமைதியான பகுதி வேண்டும் என்பவை அதில் அடங்கும். பிரான்சின் 2017 ஆணை 102 டெசிபலை உச்ச வரம்பாக வைத்து, இயர்பிளக்கை இலவசமாகத் தரச் சொல்கிறது. ஆறு வயது வரையிலான குழந்தைகளுக்கென்றே நடத்தும் நிகழ்ச்சிகளில் வரம்பு 94. நம் நாட்டின் 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் மைதானத்தின் எல்லையில் ஒலியை அளக்கின்றன, இரவு 10 மணிக்குப் பின் ஒலிபெருக்கியைக் கட்டுப்படுத்துகின்றன. அவை காப்பது பக்கத்துத் தெருவில் தூங்குகிறவரை, உள்ளே காசு கொடுத்து நிற்பவரையன்று. தண்ணீர்ப் பாட்டில் விற்கும் இடத்தில் இயர்பிளக்கும் விற்கச் சொல்லி நான் ஏற்பாட்டாளர்கள் இருவருக்கு எழுதியிருக்கிறேன். பதில் வந்தால் சொல்கிறேன்.

கடைசியாக ஒன்று. கச்சேரிக்குப் பிறகு இரண்டு நாள் கழித்தும் ரீங்காரம் நிற்காவிட்டாலோ, ஒரு காதில் மட்டும் கேட்பது திடீரென்று குறைந்துவிட்டாலோ, உடனே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள். திடீர் இழப்புக்கு மருந்து பலிக்க வாய்ப்பு முதல் சில நாட்களில்தான் அதிகம். நான் எண்ணெய் விட்டுப் பார்த்தேன், தூங்கிப் பார்த்தேன், ஐந்து வாரம் கழித்துப் போனேன். என் பரிசோதனைத் தாள் இதோ: இடது காதின் கோடு 4,000-இல் இறங்கி, 8,000-இல் மறுபடி ஏறுகிறது. அப்பாவின் தாளை இதன் பக்கத்தில் வைக்கிறேன், பாருங்கள். பள்ளம் இரண்டிலும் ஒரே இடத்தில்தான் இருக்கிறது, அவருடையது ஆழம் அதிகம்.