கஜானாவைப் பூட்டிய பெண்கள்

நண்பர்களே, வணக்கம். திரை விலகுவதற்கு முன் ஐந்தே நிமிடம் பேசிவிடுகிறேன்.

2003 மார்ச் 3. ஈராக்கில் குண்டு விழ இன்னும் 17 நாள்தான். அன்று ஒரே நாளில், 59 நாடுகளில், ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களில் இன்று நீங்கள் பார்க்கப்போகிற ‘லிசிஸ்ட்ராட்டா’ என்ற பழைய கிரேக்க நாடகத்தை வாசித்தார்கள். நியூயார்க் நடிகைகள் காத்ரின் புளூமும் ஷாரன் போவரும் தொடங்கிவைத்த வேலை அது. பல இடங்களில் நன்கொடை திரட்டித் தொண்டு அமைப்புகளுக்குக் கொடுத்தார்கள். போர் நிற்கவில்லை. ஆனாலும் அந்த வாசிப்பை நான் வீண் என்று சொல்லமாட்டேன்.

கிரேக்க நகைச்சுவை நாடகாசிரியர் அரிஸ்டோஃபனீஸ் இதை மேடையேற்றியது கி.மு. 411-இல், ஏதென்ஸும் ஸ்பார்ட்டாவும் போரில் இருந்தபோது. அதற்கு இரண்டு வருடம் முன்னால்தான் சிசிலித் தீவுக்குப் படையெடுத்துப் போன ஏதென்ஸின் கப்பற்படை மொத்தமாக அழிந்திருந்தது. பார்க்க வந்தவர்களில் பிள்ளையைப் பறிகொடுக்காத வீடு எத்தனை இருந்திருக்கும்?

போர் முடியும்வரை கணவனோடு படுக்கமாட்டோம் என்று பெண்கள் சபதம் எடுக்கிற கதை என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். சரி, அது பாதிக் கதை. மீதிப் பாதி கிழவிகளுடையது. அவர்கள் ஏதென்ஸ் நகரின் நடுவிலுள்ள அக்ரோபோலிஸ் கோட்டைக் குன்றில் ஏறி, ஏதென்ஸின் கஜானாவைக் கைப்பற்றிக் கதவைச் சாத்திவிடுகிறார்கள். துடுப்புக்கட்டை வாங்கப் பணம் எடுக்க வந்த அதிகாரி வெளியே நிற்கிறார். காசு இல்லாவிட்டால் கப்பல் ஏது, போர் ஏது? எனக்கு இந்தப் பாதிதான் முக்கியம்.

அந்த அதிகாரி, “போரில் உங்களுக்கு என்ன பங்கு?” என்று கேட்கிறார். பெற்று வளர்த்துப் படைக்கு அனுப்புவதே நாங்கள்தானே என்கிறாள் பெண்களின் தலைவி லிசிஸ்ட்ராட்டா. அப்புறம் கல்யாணமாகாத பெண்களைப் பற்றிப் பேசுகிறாள். நரைத்துத் திரும்பி வரும் ஆணுக்கும் சின்னப் பெண் கிடைத்துவிடுவாள். பெண்ணுக்கோ காலம் கொஞ்சம்தான், அது போனால் போனதுதான். ஒத்திகையில் அதுவரை சிரித்துக்கொண்டிருந்த நாங்கள் இந்த இடத்தில் வாயடைத்துப் போனோம். வசனம் சொன்ன பெண் கையிலிருந்த கம்பளி நூலை முறுக்கிக்கொண்டே நின்றாள். அடுத்த வசனத்தை எடுத்துக்கொடுக்கவும் யாருக்கும் தோன்றவில்லை.

இன்று சேரும் பணம் முழுவதும் போரில் வீடிழந்த குழந்தைகளின் மருந்துக்கும் பாலுக்கும் போகிறது. உண்டியல் வாசலில் இருக்கிறது. அதன் பக்கத்தில், கிழவி வேடத்தோடு, எங்கள் நடிகைகள் இரண்டு பேர் காவல் நிற்கிறார்கள்.