நான் எங்கே போவேன்?

(மகளிர் சுய உதவிக் குழுக்களின் கூட்டம் ஒன்றில் பேசியது, எழுத்து வடிவில்.)

வந்திருக்கும் அம்மாக்கள், அக்கா தங்கச்சிகள், கடைசி வரிசைக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருக்கும் ஆண்கள், எல்லோருக்கும் வணக்கம்.

குடும்ப வன்முறைச் சட்டத்தைப் பற்றிப் பேசச் சொல்லிக் கூப்பிட்டீர்கள். இருபது வருஷமாக வக்கீலாக இருக்கிறேன். வீட்டில் அடி வாங்கிவிட்டு என்னைத் தேடி வரும் பெண்களில், ‘அவரை எப்படி உள்ளே தள்ளுவது’ என்று கேட்டவர்கள் கொஞ்சம் பேர்தான். பெரும்பாலானவர்கள் கேட்பது, ‘நான் எங்கே போவேன்?’

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு சாயங்காலம் ஒரு பெண் வந்தார். கையில் ஒரு குழந்தை, பக்கத்தில் பள்ளிச் சீருடையோடு ஒரு பையன். காலையில் வீட்டை விட்டுத் துரத்தியிருக்கிறார்கள். பையனின் புத்தகப் பையில் அவருடைய ஆதார் அட்டை மட்டும் இருந்தது. மாமனார் பெயரில் வீடு. “என் பேர்லயும் இல்ல, அவர் பேர்லகூட இல்ல மேடம். நான் என்னன்னு உரிமை கேக்குறது?” என்றார்.

2005இல் நாடாளுமன்றம் கொண்டுவந்த ‘குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம்’ இந்தப் பெண்ணுக்காகவே எழுதப்பட்டது. 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதற்கு முன்னால் அடி வாங்கும் மனைவிக்கு முக்கியமாக இருந்த வழி, இந்திய தண்டனைச் சட்டத்தின் 498ஏ பிரிவு. கிரிமினல் வழக்கு. புருஷன் ஜெயிலுக்குப் போக வேண்டும், இல்லையென்றால் இவள் பொறுத்துப் போக வேண்டும். ஜெயிலுக்கு அனுப்பினால் வீட்டு வாடகையை யார் கொடுப்பது, திரும்பி வந்தால் என்ன ஆகும் என்று பயந்தே பெண்கள் பொறுத்துப் போனார்கள். அந்த 498ஏ இன்றைக்கும் இருக்கிறது. 2024 ஜூலையிலிருந்து, தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 85, 86 என்ற எண்களில் வருகிறது. மூன்று வருஷம் வரை சிறை. தேவைப்பட்டால் அதையும் போடலாம். ஆனால் 2005ஆம் வருஷத்துச் சட்டம் வேறு மாதிரி யோசித்தது. அடிக்காதே, அவளைத் துரத்தாதே, செலவுக்குக் கொடு, நகையைத் திருப்பிக் கொடு என்று நீதிமன்றம் உத்தரவு போடும். விவாகரத்து கேட்க வேண்டியதில்லை. தாலியைக் கழற்ற வேண்டியதில்லை.

சரி, அந்த வீட்டு விஷயம். திருமணத்தாலோ உறவாலோ ஒரு பெண் சேர்ந்து வாழ்ந்த வீட்டை இந்தச் சட்டம் ‘பகிர்ந்து வாழும் இல்லம்’ என்கிறது. அதில் அவளுக்குச் சொத்துரிமை இருக்கிறதா, பட்டா யார் பெயரில், வாடகை ஒப்பந்தத்தில் யார் கையெழுத்து என்பதெல்லாம் பார்க்க வேண்டியதில்லை. குடியிருக்கும் உரிமை உண்டு. நடுவில் கொஞ்ச காலம் இது சிக்கலாகத்தான் இருந்தது. மாமனார் மாமியார் பெயரில் உள்ள வீட்டில் மருமகள் இந்த உரிமையைக் கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் பத்ரா வழக்கில் சொல்லிவிட்டது. பல பெண்கள் அந்த ஒரு தீர்ப்பால் வெறுங்கையோடு திரும்பியதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். 2020 அக்டோபரில் சதீஷ் சந்தர் அஹுஜா வழக்கில் அதே உச்ச நீதிமன்றம், மூன்று நீதிபதிகள் உட்கார்ந்து, அந்தத் தீர்ப்பு தவறு என்று மாற்றியது. மாமனார் வீடாக இருந்தாலும் அவள் குடும்பமாக வாழ்ந்த வீடு என்றால் கேட்கலாம்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். இது குடியிருக்கும் உரிமைதான். வீடு உங்களுக்குச் சொந்தமாகிவிடாது. வயதான மாமனார் மாமியார் பக்கத்தையும் நீதிமன்றம் பார்க்கும். அதே வீட்டில் ஓர் அறையை ஒதுக்கலாம், அல்லது அதே அளவு வசதியுள்ள வேறு வீட்டைப் பிடித்து வாடகையைக் கணவன் கட்ட வேண்டும் என்று சொல்லலாம். அடிக்கிற ஆணையே வீட்டை விட்டு வெளியேறச் சொல்லவும் நடுவருக்கு, அதாவது மாஜிஸ்திரேட்டுக்கு, அதிகாரம் உண்டு. பெண்களை மட்டும் அப்படி வெளியேற்ற முடியாது. அதனால் மாமியார்களே, இந்தச் சட்டம் வந்தால் நம்மைத் தெருவில் நிறுத்திவிடுவார்கள் என்று பயப்பட வேண்டாம்.

உங்களுக்கும் சேர்த்துத்தான் இந்தச் சட்டம். மகன் குடித்துவிட்டு வந்து அடிக்கிறான், பென்ஷன் பணத்தைப் பிடுங்குகிறான் என்றால் தாய் மனுப் போடலாம். அண்ணன் தம்பியிடம் அடிபடும் அக்கா தங்கை போடலாம். அப்பாவுக்கு எதிராக மகள் போடலாம். கல்யாணம் பதிவாகாமல் கணவன் மனைவி போலவே வாழ்ந்தவர்களும் வரலாம். அதற்கு என்னென்ன பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010இல் விளக்கியது நம் தமிழ்நாட்டு வழக்கில்தான்.

அந்தப் பெண்ணிடம் வருகிறேன். மறுநாள் காலையில், இந்தச் சட்டப்படி பெண்களுக்கு உதவ அரசு நியமித்திருக்கும் பாதுகாப்பு அலுவலரிடம் கூட்டிக்கொண்டு போனேன். சமூக நலத்துறையின் மாவட்ட அலுவலகத்தில் கேட்டால் பாதுகாப்பு அலுவலர் யார் என்று சொல்வார்கள். நடந்ததை அவர் ஒரு படிவத்தில் எழுதி அறிக்கையாக நீதிமன்றத்துக்கு அனுப்ப வேண்டும். படிவத்தில் தேதி, நேரம், இடம், யார் செய்தது என்று கட்டம் கட்டமாக இருக்கும். “எந்தத் தேதியில் அடித்தார்?” என்று அலுவலர் கேட்டதும் அந்தப் பெண் வாயடைத்துப் போனார். அவருக்குத் தேதி தெரியாது. “பெரியவனுக்கு அம்மை போட்டிருந்தப்ப… எங்க அப்பா கருமாதிக்குப் போய்ட்டு வந்த ராத்திரி… போன பொங்கலுக்கு முந்தின நாள், வாசல்ல கோலம் போட்டுட்டு இருந்தப்ப…” என்று சொல்லிக்கொண்டே போனார். நல்ல அலுவலர். ஒவ்வொன்றையும் காலண்டரில் தேடித் தேடித் தேதி போட்டார். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று.

அப்புறம் பொருளாதார வன்முறை என்ற பகுதி வந்தது. “நகையெல்லாம் எங்கே?” என்றேன். ஜாக்கெட்டுக்குள் வைத்திருந்த சின்னப் பர்ஸிலிருந்து மடித்து மடித்துக் கிழியும் நிலையில் இருந்த மூன்று அடகு ரசீதுகளை எடுத்து வைத்தார். மூன்றிலும் அவருடைய கையெழுத்து. தாய் வீட்டில் போட்ட ஐந்து பவுன் சங்கிலியும் வளையலும். “நானே போய்க் கையெழுத்துப் போட்டேன் மேடம், இதுல அவர் மேல எப்படித் தப்பு சொல்றது?” கையெழுத்துப் போடவில்லை என்றால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை. தோளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

அடியும் உதையும் மட்டும்தான் வன்முறை என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். சட்டம் நான்கு வகை சொல்கிறது. உடலுக்குச் செய்வது, பாலியல் ரீதியாகச் செய்வது, வாயாலும் மனத்தாலும் வதைப்பது, பணத்தால் வதைப்பது. குழந்தை இல்லை என்று குத்திக் காட்டுவதையும், ஆண் குழந்தை பெறவில்லை என்று ஏசுவதையும் சட்டத்திலேயே எழுதியிருக்கிறார்கள். வீட்டுச் செலவுக்குக் கொடுக்காமல் இருப்பது, அவள் நகையை விற்பது, வாடகை கட்டாமல் விடுவது, அவள் புழங்கும் பொருளைத் தர மறுப்பது, எல்லாமே வரும். அம்மா வீட்டில் கொடுத்த சீதனத்தைத் திருப்பித் தரச் சொல்லி நடுவர் உத்தரவு போடலாம். சம்பளக்காரன் பணம் கொடுக்காமல் ஏய்த்தால், அவன் வேலை செய்யும் இடத்துக்கே எழுதி சம்பளத்தில் பிடித்து மனைவியிடம் கொடுக்கச் சொல்லலாம்.

மனு கொடுத்தால் முதல் விசாரணையைப் பொதுவாக மூன்று நாளுக்குள் வைக்க வேண்டும். அங்கிருந்து அறுபது நாளில் வழக்கை முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. இந்த அறுபது நாளை நம்பி யாரும் உட்கார வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன். வாய்தா மேல் வாய்தா போய் வருஷக்கணக்கில் இழுக்கும் வழக்குகளை நான் நடத்தியிருக்கிறேன். எதிர்த்தரப்பு இழுத்தடிக்கும்போது நீதிமன்றங்கள் இன்னும் கண்டிப்பாக இருக்க வேண்டும். இதை எங்கேயும் சொல்வேன். அதனால்தான் முதல் நாளே இடைக்கால உத்தரவு கேளுங்கள் என்கிறேன். ஆபத்து இருக்கிறது என்று நடுவருக்குத் தெரிந்தால், உங்கள் பிரமாணப் பத்திரத்தை வைத்தே, எதிர்த்தரப்பை வரவழைக்காமலே ஒருதரப்பாக உத்தரவு போட முடியும். அந்தப் பெண்ணுக்கும் அப்படித்தான் கிடைத்தது. மாடியில் ஓர் அறை, கணவன் அங்கே ஏறக் கூடாது, மாதச் செலவுக்குப் பணம். பாதுகாப்பு அலுவலரும் ஒரு பெண் போலீஸும் கூடப் போனார்கள். வழக்கு முடிய ஒன்றரை வருஷம் ஆயிற்று. அத்தனை நாளும் அவர் பிள்ளைகளோடு அந்த அறையில்தான் இருந்தார். பையன் அதே பள்ளிக்கூடத்துக்குப் போய் வந்தான்.

உத்தரவின் நகலை உங்களுக்கு இலவசமாகத் தர வேண்டும், காவல் நிலையத்துக்கும் ஒன்று போகும். ஒரு பிரதியைப் போட்டோ எடுத்துத் தங்கச்சி போனுக்கும் அனுப்பி வையுங்கள். பாதுகாப்பு உத்தரவை மீறினால் அது தனிக் குற்றம். ஒரு வருஷம் வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வாரண்ட் இல்லாமலே போலீஸ் கைது செய்யலாம், ஜாமீனில் விட முடியாத குற்றம்.

இன்னொன்று, ஆஸ்பத்திரி. காயத்தோடு போகும் நம் பெண்கள், பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டேன் என்றுதான் சொல்கிறார்கள். டாக்டரும் அதையே எழுதுகிறார். பின்னால் வழக்கு என்று வரும்போது ஆஸ்பத்திரியில் காயத்தைப் பதிவு செய்த அந்த ஏ.ஆர். காப்பியே நமக்கு எதிராக நிற்கிறது. தயவுசெய்து அங்கே உண்மையைச் சொல்லுங்கள். வழக்குப் போடுவதும் போடாததும் அப்புறம் உங்கள் இஷ்டம். காவல் நிலையத்தில் ‘பேசி அனுப்பி’ வைத்தாலும் புகார் கொடுத்ததற்கு அத்தாட்சியான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் வராதீர்கள். குடும்ப வன்முறை என்று வரும் பெண்ணிடம் அவளுடைய உரிமைகளை எடுத்துச் சொல்வது போலீஸின் கடமை என்று சட்டத்திலேயே இருக்கிறது.

காலம் கடந்துவிட்டதே என்று நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பிரிந்து பல வருஷம் ஆன பிறகு மனுப் போட்ட ஒரு பெண்ணின் வழக்கை, ஒரு வருஷக் கெடு தாண்டிவிட்டது என்று சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2022இல் உச்ச நீதிமன்றம், இந்த மனுவுக்கு அந்தக் கெடு பொருந்தாது என்று சொல்லித் திருப்பி அனுப்பியது. காமாட்சி வழக்கு என்பார்கள்.

வக்கீலுக்குப் பணம் இல்லை என்று நிற்க வேண்டாம். வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்ணுக்கு இலவச சட்ட உதவி உண்டு. ஒவ்வொரு மாவட்ட நீதிமன்றத்திலும் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, போன் எண் 15100. பெண்களுக்கான உதவி எண் 181. அந்த நிமிஷமே ஆபத்து என்றால் 112. நீங்கள் இப்போது இருப்பது அம்மா வீடாக இருந்தாலும், தற்காலிகமாகத் தங்கியிருக்கும் தோழி வீடாக இருந்தாலும், அந்த ஊர் நீதிமன்றத்திலேயே மனுக் கொடுக்கலாம். அடித்த ஊருக்குத் திரும்பிப் போக வேண்டியதில்லை.

2019–21இல் எடுத்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில், உடல்ரீதியாகவோ பாலியல்ரீதியாகவோ வன்முறையை அனுபவித்த பெண்களில் யாரிடமாவது உதவி தேடியவர்கள் 14 சதவீதம்தான். மீதிப் பேர் வாயைத் திறக்க முடியாவிட்டாலும், அவர்களுக்காக வேறொருவர் திறக்கலாம். பக்கத்து வீட்டுக்காரரோ, டீச்சரோ, குழுத் தலைவியோ, யார் வேண்டுமானாலும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் சொல்லலாம். நல்ல எண்ணத்தோடு சொன்னவர் மேல் வழக்கு எதுவும் வராது என்று சட்டமே சொல்கிறது.

பின்னால் மேசையில் மனுப் படிவங்கள் வைத்திருக்கிறோம். நானும் இரண்டு ஜூனியர் வக்கீல்களும் ஐந்து மணி வரை இருப்போம். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு, அண்ணிக்கு, தெரிந்தவர்களுக்கு என்று சொல்லிக்கூட ஒன்று வாங்கிக்கொண்டு போகலாம். யாருக்கு என்று நாங்கள் கேட்க மாட்டோம்.